ஹம் போக 28,550 ரூபாய்: ரிக்கார்டு பிளேயருக்குப் பேலன்ஸ்டு வயர் போட்ட கதை

குளச்சலில் எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒன்றரை கிலோமீட்டர். ஆனி, ஆடியில் இரவு பத்து மணிக்கு மேல் அலையின் இரைச்சல் அறைக்குள்ளேயே கேட்கும். அதனால் ரிக்கார்டு பிளேயரை மாட்டிய முதல் ராத்திரி, பாட்டு முடிந்த பிறகும் ஸ்பீக்கரில் ‘உம்ம்ம்’ என்று வந்துகொண்டிருந்ததைக் கடல் என்றே எடுத்துக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன், கடலும் நின்றுவிட்டது. அங்கே ஆரம்பித்தது எட்டு மாதத் தொல்லை.

அப்பா குவைத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது ஒரு பெட்டி நிறைய எல்.பி. கொண்டுவந்தார். பிளேயர் எப்போதோ கெட்டுப் போய்விட்டது, தட்டுகள் மட்டும் மச்சில் கிடந்தன. திருவனந்தபுரத்தில் ஒருவர் பழைய டர்ன்டேபிள் ஒன்றை 31,000 ரூபாய்க்குக் கொடுத்தார். நல்ல இரும்புக் கனம், ஊசி உட்காரும் முனைத் துண்டை (ஹெட்ஷெல்) கழற்றி மாட்டுகிற மாதிரி. கூடவே 2,800 ரூபாயில் ஒரு சின்ன ஃபோனோ ப்ரீஆம்ப், அதாவது ஊசியிலிருந்து வரும் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற அளவுக்குப் பெருக்கும் பெட்டி, ஃபோனோ ஸ்டேஜ் என்றும் சொல்வார்கள். இது இரண்டும் பிழையில்லாத செலவு என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

ரிக்கார்டு பிளேயரில் ஹம் (அந்த ‘உம்ம்ம்’தான்) ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அது கடைசியில்தான் புரிந்தது. ஊசியின் அசைவை மின்சாரமாக்குவது காட்ரிட்ஜ். அதில் எம்.எம். வகை (காந்தம் அசைவது) கொடுப்பது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். எம்.சி. வகையில் (சுருள் அசைவது) பல 0.3 மில்லிவோல்ட் அளவோடு நின்றுவிடும். ஃபோனோ ஸ்டேஜ் அதை எம்.எம்.முக்கு நூறு மடங்கு, எம்.சி.க்கு ஆயிரம் மடங்கு போலப் பெருக்க வேண்டும். அது மட்டுமில்லை. தட்டு வெட்டும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்து வெட்டுவார்கள், 1954 முதல் இருக்கிற ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க ரிக்கார்டு கம்பெனிகளின் சங்கம்) கணக்கு அது. கேட்கும்போது ஃபோனோ ஸ்டேஜ் அதைத் திருப்பி ஏற்றுகிறது. நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் சரியாக அந்த ஏற்றத்தில் வந்து உட்காரும். நடு ஒலியைவிட 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு கூடுதல். சி.டி. பிளேயரில் தெரியாத ஒரு துளி ஹம் இங்கே வண்டு மாதிரி இரைவது இதனால்தான்.

முதல் தப்பு ஐப்பசியில். வெள்ளி முலாம் பூசிய ஒரு ஜோடி ஆர்.சி.ஏ. கேபிள் (டிவிக்குப் பின்னால் சிவப்பு, வெள்ளையாகச் செருகுகிற வகை), ஒரு மீட்டர், 4,200 ரூபாய். மாட்டிய அன்றைக்கு ஹம் பாதிக்கும் கீழே போனது! இரண்டு மாதம் அந்தக் கேபிளைப் பற்றிப் போகிற வருகிறவரிடமெல்லாம் பேசித் திரிந்தேன். அந்த இரண்டு மாதமும் மழை கொட்டிக்கொண்டிருந்தது என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. தை பிறந்து வெயில் அடிக்க ஆரம்பித்ததும் ஹம் பழையபடி வந்துவிட்டது, கேபிள் அதே கேபிள். இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். எந்தப் பொருளை மாற்றினாலும் அன்றைய தேதி, மழையா வெயிலா, வீட்டில் வேறு என்னவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த ஒரு நோட்டு இருந்திருந்தால் ஐப்பசியிலேயே எனக்குப் பிடிபட்டிருக்கும்.

தை மாதம்தான் பேலன்ஸ்டு என்ற சொல் என் தலைக்குள் ஏறியது. தத்துவம் அழகானது, அதில்தான் விழுந்தேன். ஆர்.சி.ஏ. கேபிளில், அதாவது சிங்கிள் எண்டட் இணைப்பில், ஒலி நடுக் கம்பியில் போய் வெளிப் பின்னல் வழியாகத் திரும்புகிறது. அந்தப் பின்னல்தான் இரைச்சலைத் தடுக்கும் மறைப்பும், இரண்டு பெட்டியின் உடம்பையும் இணைக்கும் எர்த்தும். மூன்று வேலை ஒரே ஆளுக்கு. பேலன்ஸ்டு இணைப்பில் ஒலிக்கு முறுக்கிய இரண்டு கம்பி, மறைப்பு தனி. வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும், வாங்குகிற பெட்டி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும், பொதுவாக ஏறியது கழிந்துவிடும். கோயில் கொடையில் மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி மிக்சர் வைத்தாலும் மைக்கில் ஹம் வராதது இப்படித்தான். இன்னும் அழகு என்னவென்றால், காட்ரிட்ஜ் பிறப்பிலேயே பேலன்ஸ்டுக்கு ஏற்றது. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு சுருள், சுருளுக்கு இரண்டு முனை, எந்த முனையும் எர்த்தைத் தொட வேண்டியதில்லை. பின்னால் நாம் ஆர்.சி.ஏ. மாட்டும்போதுதான் அது சிங்கிள் எண்டட் ஆகிறது.

இவ்வளவையும் படித்தபின் கை சும்மா இருக்குமா? கேனன் பின் (எக்ஸ்.எல்.ஆருக்கு நம் மைக் செட்காரர்கள் சொல்லும் பெயர்) வைத்த பேலன்ஸ்டு ஃபோனோ ஸ்டேஜ் ஒன்றை 46,000 ரூபாய்க்கு வரவழைத்தேன். விலையைக் கேட்ட என் மனைவி, “பாட்டு கேக்கதுக்கு ரூவா குடுக்கலாம். பாட்டு இல்லாத நேரத்துல சத்தம் வராம இருக்கதுக்கு இவ்வளவு ரூவாயா?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. டர்ன்டேபிளில் இருப்பது ஆர்.சி.ஏ. என்பதால், விற்றவர் சொன்னபடி ஆர்.சி.ஏ.விலிருந்து கேனனுக்கு மாற்றும் அடாப்டர் இரண்டும் வாங்கினேன், 1,900 ரூபாய். மாட்டினேன். ஹம் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் ஒரு பொட்டு கூடுதலாகவே.

மறுநாள் மல்டிமீட்டர் வைத்து அந்த அடாப்டரைச் சோதித்தபோது வயிறு எரிந்தது. கேனனில் 1-ஆம் பின் மறைப்பு, 2 ஒலி, 3 எதிர் ஒலி. அடாப்டருக்குள் 1-ஐயும் 3-ஐயும் சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். அதாவது உருவம் கேனன், உள்ளே அதே ஆர்.சி.ஏ. அடாப்டரைக் குறை சொல்லவும் முடியாது, இரண்டு கம்பி மட்டும் வருகிற இடத்தில் அதுதான் செய்ய முடியும். மூன்று பின் தெரிந்தால் பேலன்ஸ்டு என்று நம்பியது என் புத்தி. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டோன் ஆர்மிலிருந்து (காட்ரிட்ஜைத் தாங்கும் கை) வரும் நான்கு கம்பியும் ஒன்றையொன்று தொடாமல், எர்த்தையும் தொடாமல், ஃபோனோ ஸ்டேஜ் வரை தனித்தனியாகப் போகிறதா? பிளேயருக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிற மாடல் என்றால் அந்த வெளியீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, அது சிங்கிள் எண்டட்தான்.

சரி, இறங்கியாயிற்று என்று பிளேயரைக் கவிழ்த்து அடித்தட்டைத் திறந்தேன். டோன் ஆர்மிலிருந்து முடி மாதிரி நான்கு கம்பி ஒரு சின்னப் பலகையில் வந்து சேரும்: வெள்ளை இடது, நீலம் இடதின் திரும்பு கம்பி, சிவப்பு வலது, பச்சை வலதின் திரும்பு கம்பி. கையின் உலோகக் குழாய்க்கு ஐந்தாவதாக ஒரு எர்த் வயர். பலகையில் நீலத்தையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பி இணைத்திருந்தது, அதை வெட்டினேன். நாகர்கோவிலில் வாங்கிய மைக் கேபிள், நான்கு கேனன் பின், ஈயம் எல்லாமாக 1,650 ரூபாய். அந்த மயிர்க் கம்பியில் சூடு இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் மேலுறை சுருண்டுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தேன். எர்த் வயரை மட்டும் தனியாக ஃபோனோ ஸ்டேஜின் எர்த் திருகில் கட்டினேன்.

இடது சேனல் கொஞ்சம் தெளிந்தது. வலது சேனல் முன்பைவிட மோசம். இரண்டு நாள் என் பற்றவைப்பையே சந்தேகப்பட்டேன். கடைசியில் மீட்டரின் ஒரு முனையைப் பச்சைப் பின்னிலும் மறுமுனையைக் காட்ரிட்ஜின் உலோக உடம்பிலும் வைத்தபோது ‘பீப்’ அடித்தது. பல எம்.எம். காட்ரிட்ஜ்களில் வலது சேனலின் திரும்பு பின்னிலிருந்து உடம்புக்கு ஒரு சின்னத் தகடு போட்டிருப்பார்கள். சிங்கிள் எண்டடில் அது நல்லது, உறை எர்த் ஆகிறது. பேலன்ஸ்டில் அது வலது சேனலை ஹெட்ஷெல் வழியாகக் கையோடு கட்டிப்போட்டுவிடும். இதை யாராவது ஒருவர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால்! மூக்குக் குறடால் அந்தத் தகட்டைப் பிடித்து இழுத்தேன். தகடு வந்தது. பச்சைப் பின்னும் லேசாக ஆடியது. மாட்டிப் பார்த்தால் வலது பக்கம் செத்துப் போயிருந்தது, உள்ளே சுருளின் கம்பி அறுந்துவிட்டது. புதிய காட்ரிட்ஜ் 7,800 ரூபாய். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. தகட்டை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது பிறகு தெரிந்தது. நைலான் திருகு போட்டு, காட்ரிட்ஜுக்கும் ஹெட்ஷெல்லுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று வைத்தால் போதும், உடம்பு கையைத் தொடாது. இருபது ரூபாய் வேலை.

புதிய காட்ரிட்ஜோடு, உண்மையான பேலன்ஸ்டு இணைப்பில் கேட்டபோது ஒரு மாற்றம் நிஜமாகவே இருந்தது. மின்விசிறியின் ரெகுலேட்டரைக் குறைத்தால் வரும் ‘கர்ர்ர்’ காணாமல் போனது. ஆனால் ‘உம்ம்ம்’ இருந்தது. (250 ரூபாய்க்குப் படிப்படியாகத் திருப்புகிற புது வகை ரெகுலேட்டர் மாட்டினாலும் அந்தக் கர்ர்ர் போய்விடும் என்பதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன்.)

ஒரு நாள் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, தட்டுச் சுழலாமல், கையை மட்டும் தூக்கி மெதுவாக அங்குமிங்கும் நகர்த்தினேன். கை சுவர்ப் பக்கம் போகப் போக ஹம் ஏறியது, விலக விலக இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் யு.பி.எஸ். அதன் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம் நேராகக் காட்ரிட்ஜின் சுருளிலேயே ஹம்மை உண்டாக்குகிறது. சுருளுக்குள் பிறந்த ஹம் பாட்டோடு பாட்டாகவே வரும், பேலன்ஸ்டு வயரால் அதைப் பிரித்தறிய முடியாது. எலக்ட்ரீஷியனுக்கு 1,200 ரூபாய் கொடுத்து யு.பி.எஸ்ஸை வராந்தாவுக்கு மாற்றினேன், ஹம் பாதியானது. இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது, ஒரு நிமிஷ வேலை. எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

மீதிப் பாதிக்கு என்ன செய்வதென்று தெரியாமல், திங்கள்நகரில் மைக் செட் வைத்திருக்கிற மாமாவிடம் போனேன். அப்பாவின் கூட்டாளி, நாற்பது வருஷமாகக் கோயில், சர்ச், கல்யாணம் என்று வயர் இழுப்பவர். அவரிடம் போகவே வெட்கமாக இருந்தது, இவ்வளவு செலவழித்துவிட்டு. அவருடைய மிக்சரின் மைக் வாயிலேயே பிளேயரைச் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “உள்ளதையும் கெடுத்துராதே மக்கா, அதுல ஃபேன்டம் 48 வோல்ட் வருமாக்கும்” என்றார். சில வகை மைக்குகளுக்காக மிக்சரே அனுப்பும் கரண்ட் அது. நல்லவேளை கேட்டேன். கேனனுக்குக் கேனன் பொருந்துகிறதே என்று எதையும் எதிலும் செருகக்கூடாது. மைக் வாயில் ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தமும் இல்லை, எம்.எம். காட்ரிட்ஜுக்கு வேண்டிய 47 கிலோ ஓம் சுமையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். பேலன்ஸ்டு பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பழைய 2,800 ரூபாய் ப்ரீஆம்ப்பை எடுக்கச் சொன்னார். பையிலிருந்து இரண்டு பழைய ஏ.வி. பின்னை (ஆர்.சி.ஏ. பின்தான்) எடுத்து, நடுப் பின்னையும் வெளி வளையத்தையும் ஒரு சொட்டு ஈயத்தால் சேர்த்து, பிளேயர் வயர் வரவேண்டிய துளைகளில் செருகினார். இப்போது பிளேயருக்கும் ஃபோனோ ஸ்டேஜுக்கும் சம்பந்தமே இல்லை. ஒலியைக் கூட்டினார். ஹம் இருந்தது, அதே ‘உம்ம்ம்’.

“இப்ப சொல்லு, நீ மாத்துன வயருக்கு இங்க என்ன வேலை?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஹம் வந்து சேர்ந்தது ஃபோனோ ஸ்டேஜிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற பக்கம், நான் எட்டு மாதம் காசு போட்டது பிளேயரிலிருந்து ஃபோனோ ஸ்டேஜுக்கு வருகிற பக்கம். அவர் எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் கேபிள் டிவி வயரை உருவினார். ஹம் நின்றது. கத்தரித்த மாதிரி. டிவியின் ஒலி வயர் இதே ஆம்ப்ளிஃபயரில்தான் இருக்கிறது என்பதை நான் ஒருநாள்கூட யோசித்ததில்லை.

அப்புறம் மூன்று பின் பிளக்கில் மீட்டர் வைத்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், 90-க்கு மேல் காட்டியது. ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்தார், பல்பு கண்ணே திறக்கவில்லை. (பல்பு சோதனையைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், நீங்களாக இறங்காதீர்கள்.) “எர்த்தே இல்லியே மக்கா. இது சும்மா மூணு ஓட்ட உள்ள பிளக்காக்கும்.” கொல்லைப்புறத்தில் எர்த் குழியைத் திறந்தோம். குழாயில் கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப் உப்புக்காற்றில் அரித்துக் கையோடு பொடியாக வந்தது. அறுந்த கம்பி மண்ணில் கிடந்தது. மழைக்காலத்தில் ஈர மண் வழியாக ஏதோ கொஞ்சம் எர்த் கிடைத்திருக்கிறது, வெள்ளிக் கேபிளின் மகிமை அவ்வளவுதான். மண் காய்ந்ததும் அதுவும் போயிற்று. வீட்டுப் பெட்டிகளில் கசிகிற கரண்ட் போக வழியில்லாமல், ஆர்.சி.ஏ. வயரின் பின்னல் வழியாக டிவிக்குப் போய், கேபிள் டிவி வயர் வழியாக ஊருக்குள் போயிருக்கிறது. ஆம்ப்ளிஃபயரைத் தொட்டால் சில நாள் விரலில் சுரீர் என்றதும் அதுதான். அதை நான் குளிர் என்று நினைத்தேன், குளச்சலில்!

புதுக் குழாய், கரி, உப்பு, கூலி எல்லாம் சேர்த்து 5,200 ரூபாய். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்தக் குழியைத் திறந்து கிளாம்பைப் பாருங்கள், வெயில் காலத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஹம் போக வேண்டுமென்று சிலர் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடுவார்கள், ஹம் போகும், ஒருநாள் ஆளும் போகலாம். செய்யவே கூடாது. ஆர்.சி.ஏ. பின்களிலும் இங்கே பச்சைக் களிம்பு சீக்கிரம் பிடிக்கிறது, மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்துச் செருகுகிறேன்.

எர்த் சரியான பிறகு, கேபிள் டிவி வயரையும் திரும்பச் செருகிவிட்டு, பிளேயரில் மறுபடி ஆர்.சி.ஏ. பற்றவைத்து (ஆமாம், வெட்டிய அதே வயரை) பழைய ப்ரீஆம்ப்பில் கேட்டேன். ஹம் இல்லை. பேலன்ஸ்டு பெட்டியோடு மாற்றி மாற்றி ஒரு வாரம் கேட்டதில், ஒரு மீட்டர் வயரில், 4 மில்லிவோல்ட் எம்.எம். காட்ரிட்ஜில், என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பாட்டு இல்லாதபோது ஒலியை முழுதும் ஏற்றினால் பேலன்ஸ்டு பெட்டியில் ‘ஸ்ஸ்’ கொஞ்சம் கூடுதலாகவே தோன்றியது. அதற்கும் காரணம் உண்டு. இரண்டு பாதியாகச் செய்த சர்க்யூட்டில் இரண்டின் இரைச்சலும் சேரும், காட்ரிட்ஜ் கொடுப்பதோ அதே மில்லிவோல்ட், ஒரே தரப் பாகங்கள் என்றால் 3 டெசிபல் வரை கூடலாம். அதற்காகப் பேலன்ஸ்டு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 0.3 மில்லிவோல்ட் எம்.சி. வைத்திருக்கிறீர்கள், வயர் மூன்று நான்கு மீட்டர் போக வேண்டும், எர்த்தும் காந்தமும் சரிபார்த்த பிறகும் இரைச்சல் இருக்கிறது என்றால் அது காசுக்கு வேலை செய்யும். எம்.சி.க்கு அதன் மில்லிவோல்ட்டை ஏற்றும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும், அதில் காட்ரிட்ஜ் பக்கச் சுருளின் முனைகளை எர்த்தில் கட்டாமல் விட்டால் பேலன்ஸ்டின் பலன் அங்கேயே வந்துவிடும், கேனன் பின்னே தேவையில்லை.

பேலன்ஸ்டு பெட்டியை மார்த்தாண்டத்தில் ஒருவருக்கு 33,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். வெள்ளிக் கேபிள் 4,200, பேலன்ஸ்டு பெட்டியில் நட்டம் 13,000, அடாப்டர் 1,900, பின்னும் மைக் கேபிளும் 1,650, செத்த காட்ரிட்ஜுக்குப் பதில் 7,800. மொத்தம் 28,550. எனக்கு உண்மையில் உதவிய செலவு யு.பி.எஸ்ஸுக்கும் எர்த்துக்கும் கொடுத்த 6,400 மட்டும். மாமா ஒரு ரூபாயும் வாங்கவில்லை, அப்பாவின் பெட்டியைக் கிளறி இரண்டு தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

போன வாரம் அந்த மார்த்தாண்டத்துக்காரர் போன் செய்தார். “அண்ணே, இந்தப் பெட்டியில ஹம் அடிக்குது. உங்ககிட்ட இருந்தப்பவும் இப்படித்தானா?”

“போனை வைக்காதீங்க. டிவிக்குப் பின்னால போய்க் கேபிள் வயரை உருவுங்க, நான் லைன்ல இருக்கேன்” என்றேன்.